பின்னால் வரும் வண்டி

எங்கள் வண்டிக்கு ரொட்டி என்று பெயர்.
பழைய ருஷ்ய வேன். வடிவமும் அப்படித்தான்,
அடுப்பில் மறந்துபோய் ஓரம் கருகிய ரொட்டி.
அதற்குள் எட்டுக் கூடாரம், ஒரு காஸ் சிலிண்டர்,
உதிரி டயர்கள், ஒரு மூட்டை வெங்காயம்,
ஓட்டுகிற ஜானிஷ், சமைக்கிற நான்.

முன்னால் எட்டு சைக்கிள்கள் போகும்.
அவை கிளப்பிய புழுதி அடங்கிய பின்தான்
எங்கள் புழுதி கிளம்பும்.

ஜானிஷுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை காலி.
நான் அதில் உட்காருவதில்லை,
வெங்காய மூட்டைதான் என் இடம்.
ஜும்கலில் முதல் நாள் காலை ஜானிஷ் அதைத் தட்டிக் காட்டினான்:
"முடியாவிட்டால் ஏறிக்கொள்ளுங்கள். வெட்கம் ஒன்றுமில்லை."
எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.
எட்டுப் பேரும் அதைப்
பல் டாக்டரின் நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.
அவர்களில் ஒருவர் நிஜமாகவே பல் டாக்டர்.

இரண்டாம் நாள் ஆறு பாதைமேல் ஏறி வந்திருந்தது.
சைக்கிளைத் தோளில் போட்டு, ஷூ நாடாவைப் பல்லில் கடித்து
அக்கரை சேர்ந்தாள் வங்கியில் வேலைபார்க்கும் அய்ஜிரெக்.
குதிரைமேல் இருந்த பையன் கேட்டான்,
"அக்கா, குதிரை வாங்கக் காசில்லையா?"
அவள் சைக்கிளின் விலையைச் சொன்னாள்.
அவன் தன் குதிரையைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான்.
"இரண்டு குதிரை" என்றான்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

மூன்றாம் நாள் கணவாய்.
ஜூலையிலும் உச்சியில் பனி உருகிச் செஞ்சேறு.
ஒவ்வொரு வளைவிலும் டாக்டர் டொலோகோன் நின்றார்.
சங்கிலியைப் பார்ப்பதுபோல் குனிந்தார்.
சங்கிலிக்கு ஒன்றுமில்லை.
ஜானிஷ் இஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடி துடைத்தான்.
துடைத்த கண்ணாடிதான்.
அவன் வேலையில் கடினமானது இதுதான்:
ஒரு மனிதரைப் பார்க்காமல் அவருக்காகக் காத்திருப்பது.

பதினோராவது வளைவில் கதவு திறந்தது.
சைக்கிளைக் கூரையில் கட்டினோம்.
தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், சர்க்கரை நாலு கரண்டி.
எத்தனையோ வாய்க்குள் நடுங்காமல் போய்வந்த விரல்கள்
கோப்பையைச் சுற்றி நடுங்கின.
பாதிக் கோப்பை தீர்ந்தபோது சொன்னார்:
"முகாமுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இறக்கிவிடுங்கள்."

இறக்கிவிட்டோம், ஏரி தெரிகிற மேட்டுக்கு இந்தப் பக்கம்,
காய்ந்த புல்லில்.
நாங்கள் முந்திப் போய் அடுப்பு மூட்டினோம்.
காஸ் தீர்ந்திருந்தது. யூர்ட்டில் வாங்கிய வறட்டி
புகைந்து கண்ணைக் கரித்தது.
கொஞ்ச நேரத்தில் அவர் மிதித்து வந்தார்.
ஏழு பேரும் கைதட்டினார்கள்.
ஹெல்மெட்டைக் கழற்ற
அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

இரவு குமிஸ் கிண்ணம் சுற்றி வந்தபோது
இருபதாவது வளைவில் அடித்த காற்றைப் பற்றி
யாரோ கேட்டார்கள்.
"பயங்கரம்" என்றார் டாக்டர்.
பொய் இல்லை. அந்தக் காற்றில்
ரொட்டியின் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது.

தண்ணீர் மொள்ள டார்ச்சோடு போனேன்.
கரையில் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன.
ஏழில் பல்சக்கரம் வரைக்கும் செஞ்சேறு.
எட்டாவதில் நேற்றைய சாம்பல் புழுதி மட்டும்.

வாளியைக் கீழே வைத்தேன்.
ஏரிச் சேறு கறுப்பு. அது ஆகாது.
ஏழிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து
எட்டாவதுக்குப் பூசினேன், டயருக்கும் மட்கார்டுக்கும்,
மாவு பிசைகிற கைக்கு இது பெரிய வேலையா.

விடிந்து பார்த்தால்
நான் பூசியதைவிட அதிகம் இருந்தது.
மிதிகட்டைக்குக்கூட யாரோ அப்பியிருந்தார்கள்,
சீட்டுக்கு அடியிலும்,
சேறு எட்டவே முடியாத இடத்தில்.

கஞ்சிக்குக் கிண்ணங்கள் நீண்டன.
நேற்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால்
எல்லோரையும் சோப்பு போட்டுத் தேய்க்கவைத்தவள் நான்தான்.
மூன்று பேரின் நகக்கண்ணில் சிவப்பு.
அதில் ஒன்று ஜானிஷின் கை.

யாரையும் கைகழுவச் சொல்லவில்லை.
ஆளுக்கு ஒரு கரண்டி வெண்ணெய்
அதிகமாகப் போட்டேன்.