மை அழியாத இடம்

சுகந்தமலர் ஸ்கூட்டியைக் கொண்டுவந்தது
ஒரு செவ்வாய், மத்தியானம்.
கருவாட்டு மணம்
வண்டிக்கு முன்னமே கராச்சுக்குள் வந்துவிட்டது.

"லுணுகலை ஏற்றத்தில இழுக்குதில்ல.
மூச்சு வாங்குது.
கொழுந்துக் கூடையோட நடந்து போற பொம்பிளையள்
என்னை முந்திப் போகுதுகள்."

நான் மலை ஏறினவனில்லை.
செங்கலடிச் சந்தியில் பதினாறு வருசம்.
குடும்பிமலையைப் பார்த்திருக்கிறேன்,
அதுவும் தூரத்தில், மப்பில்லாத நாளில்.
எங்கட பக்கம் ஏற்றம் என்றால்
கல்லடிப் பாலம்தான்.
அதற்கும் சைக்கிள்காரர் இறங்குவதில்லை.

பக்க மூடியைக் கழற்றினேன்.
ஆறு உருளை, ஒவ்வொன்றும் பதின்மூன்று கிராம்,
ஒரே பக்கம் படுத்த பிள்ளையின் தலைபோல்
ஒரு கன்னம் தட்டை.
பாரமான உருளை அவசரக்காரன்:
எஞ்சின் வாய் திறக்க முன்னமே
பெல்ட்டை விளிம்புக்குத் தள்ளிவிடும்.
சமதரைக்கு நல்லம்.
மலைக்கு வேண்டியவன் மெலிந்தவன்,
எஞ்சினைக் கத்தவிட்டுப்
பொறுத்திருக்கத் தெரிந்தவன்.

புதுப் பெட்டியில் ஒன்பது கிராம் என்று இருந்தது.
பெட்டியை நம்பிக் கெட்டது போதும்.
ஏறாவூரில் மஹ்சூம் காக்கா
தராசிலிருந்து ஒரு சோடி வளையலை எடுத்துவிட்டு
ஒவ்வொன்றாய் வைத்தார்.
எட்டேமுக்கால். ஒன்பது. ஒன்பதரை.
"பவுன் எண்டா இந்நேரம் அடிபாடு" என்றார்.

மறுகா ஸ்பிரிங்.
மஞ்சள் நிறம் நல்ல இறுக்கம்,
அமத்தினால் உள்ளங்கையில் வட்டம் பதியும்.
ஏற்றத்தில் வேகம் விழுகையில்
பெல்ட்டைச் சட்டென்று இறக்கித் தரும்,
அதே பெல்ட்டைச் சுட்டும் தின்னும்.
போட்டேன்.
கிளச்சின் மூன்று குட்டி ஸ்பிரிங்கில் கைவைக்கவில்லை.
வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று எடுக்கும்போது
அது பிந்திப் பிடித்தால்
மூட்டையோடு பின்னுக்கு உருளப்போவது நானில்லை.

மூட முன்னம் கப்பித் தட்டில்
மார்க்கரால் ஒரு கோடு கீறினேன்,
நடுவிலிருந்து விளிம்பு வரை.
"இதென்ன, நேர்த்தியா?"
பெல்ட் ஏறின இடமெல்லாம் மை அழியும் என்றேன்.
"அப்ப நான் எங்க போனேன் எண்டு தெரியுமா?"
எங்கே என்று தெரியாது.
எவ்வளவு என்று தெரியும்.

அன்றிரவு இரண்டு மூட்டை உப்போடு
பாலத்தில் ஆறு தரம் ஏறி இறங்கினேன்.
தூண்டில் போட்டிருந்தவன்
ஏழாம் தரத்துக்குத் திரும்பிப் பார்த்தான்.
பாலம் ஒன்றும் சொல்லவில்லை.
கோட்டைப் புதிதாய்க் கீறி வண்டியைக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய்:
"ஏறுது, அதில குறையில்ல.
மகாஓயா வரைக்கும்தான்
காதுக்குள்ள நுளம்பு போன மாதிரி.
குடிச்ச பெற்றோலுக்கு
ரெண்டு கிலோ நெத்தலி போச்சு."

கழற்றினேன்.
விளிம்பில் நகத்தளவு மை, கீறினபடியே.
கரடியனாறு, வயல், எருமை, நேரான தார்
எல்லாம் அந்த நகத்துக்குள்
பெல்ட் எட்டாமல் கிடந்தன.

"இறங்கி வரக்குள்ள வெறும் வண்டிதானே?"
"ஆர் சொன்ன? லீக்ஸ். கரட்.
ஒருக்கா ஒரு ஆட்டுக்குட்டி."
நான் போட்டு வைத்த கணக்கில்
ஆட்டுக்குட்டி இல்லை.

மஞ்சளைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கையே போட்டேன்.
உருளையில் மூன்று ஒன்பது,
புதிதாய் மூன்று பதின்மூன்று,
பந்தியில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும்போல
ஒன்றுவிட்டு ஒன்று.
சராசரி பதினொன்று.
சராசரியில் ஆரும் மலை ஏறுவதில்லை,
தெரியும்.
மறுபடியும் கோடு.

இந்தத் தரம் மை மயிரளவு.
எப்படி என்று கேட்டேன்.
"லுணுகலைக்கு முந்தின வளைவில மட்டும்
கொஞ்சம் ஏசவேணும்.
ஏசினா ஏறுது."

ஏச்சுக்கு எத்தனை கிராம்
என்று எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை.
அந்தக் கறுப்பைத் துடைக்காமல்
மூடியைப் போட்டேன்.
நாலு போல்ட் இறுக்கினேன்.
அஞ்சாவதைக் காணவில்லை.
மலையில் எங்கேயோ விழுந்துவிட்டதாம்.