நூற்றுப் பதினேழாம் பலகை

சக்ர் துறைமுகத்திலிருந்து இரண்டு கன்டெய்னர்.
காகிதப்படி இருநூற்றுப் பதினாறு மேப்பிள் பலகைகள்.
ஜெர்மனியில் திவாலான ஒரு கூடைப்பந்துக் கழகத்தின்
முழுத் தரையும் ஏலத்தில் எடுத்தது.
ராஸ் அல் கைமாவில்
கூரை வந்து ஏ.சி. வராத அரங்கில்
இறக்கினோம், ஆறு பேர்.

ஆகஸ்ட்.
காற்றின் ஈரத்தை எங்களைவிட மரம் அதிகம் குடித்தது.
"ரெண்டு நாள் மூச்சு விடட்டும்" என்றார்
ஃபோர்மேன் தியோடர். இடிந்தகரைக்காரர்,
படகு பார்த்த கை.

கவிழ்த்து அடுக்கும்போதுதான் கண்டோம்,
அடியில் பென்சில் எழுத்து.
ஷஃபியுல்லா கைபேசியை மேலே நீட்ட
எழுத்துகள் நடுங்கி நடுங்கி
அரைகுறைத் தமிழாயின.

1974. பள்ளிக்கூட ஜிம்மை விட்டு வெளியே வந்தோம்.
சாயப்பட்டறை ஆட்கள் பதினோரு பேர்.
1979. மேலே ஏறினோம்.
1980. கீழே இறங்கினோம். ஹீட்டர் வேலை செய்யவில்லை.
1986. மறுபடி மேலே. அமெரிக்காக்காரன் ஒருவன் வந்திருக்கிறான்.
பேச மாட்டான். நாற்பத்தொரு புள்ளி.
1988. பேக்கரிக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான்.
இப்போது பேசுகிறான். புள்ளி குறைந்துவிட்டது.

சிரித்துச் சிரித்து இசக்கிராஜுக்குப் புரையேறியது.
எழுதியவன் பெயர் எங்கும் இல்லை.
தரையைப் பூட்டிக் கழற்றுகிற ஆளாகத்தான் இருக்கும்,
ஆட்டக்காரன் எவன் பார்த்தான் பலகையின் அடியை?

மேல்பக்கம் வேறு கதை.
நடுவட்டத்தைத் தேய்க்கத் தேய்க்க
பெயிண்டுக்கு அடியில் பெயிண்ட்:
குளியலறைக் குழாய்க் கம்பெனி,
அதற்கும் கீழே இன்சூரன்ஸ்,
அதற்கும் கீழே பீர்.
"ஸ்பான்சர் மாற மாறக் கழகத்துக்குப் பேரும் மாறியிருக்கு"
என்றான் ஷஃபியுல்லா.
அந்தச் சொல்லில் ஒரு நிமிடம் மெஷின் நின்றது.
என் பத்தாக்காவில் இது நாலாவது.
"பீர் போய் இன்சூரன்ஸ் வந்தப்ப
பாஸ்போர்ட்டை யார் வாங்கி வெச்சாங்களாம்?"
கேட்டது இசக்கிராஜ்.

அறுபத்தொன்றின் அடியில் கோடிட்டு எழுதியிருந்தது:
இதில் பந்து எழாது.
நம் ஆட்களுக்கு மட்டும் தெரியும்.
சரி செய்யாதே.

1997இல் ஒரு கோப்பை, ஒரே ஒரு புள்ளியில்.
அதை வென்றது
இந்தப் பலகையாகவும் இருக்கலாம்.

பிறகு வரிகள் சுருங்கின.
2008. சம்பளம் தாமதம்.
2009. அதே.
2011. கீழே. பார்க்க வந்தவர் நாற்பது பேர், ஒரு நாய்.
அதற்கப்புறம் வெறும் எண்.

நூற்றுப் பதினேழு இல்லை.
கன்டெய்னரைக் கூட்டிப் பெருக்கியும் இல்லை.
நூற்றுப் பதினாறின் அடியில், இம்முறை பேனாவில்:
பக்கத்துப் பலகை என் வீட்டில்.
எண்ணிக்கை சரி என்று ஏலக்காரரிடம் சொல்லிவிட்டேன்.
நீங்கள் யாரானாலும் மன்னிக்கவும்.

தியோடர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.
திட்டுவார் என்று நின்றோம்.
"ஃப்ரீ த்ரோ கோடு ஓடுற பலகை" என்றார்,
"எடுக்கத் தெரிஞ்சவன்."

ஷார்ஜா மரக்கடையில் மேப்பிள் வாங்கி இழைத்தோம்.
நிறம் கொஞ்சம் வெளுப்பு.
பூட்டுமுன் பென்சிலை என்னிடம் நீட்டினார்கள்,
கையெழுத்து முத்தாக இருக்குமாம்.
எழுதினேன்:
ஆறு பேர். ஏ.சி. இன்னும் வரவில்லை.
ஜூலைச் சம்பளம் பாதி.

மறுவாரம் மேனேஜர் ஹுமைத் வந்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கோடுகளின்மேல் நடந்தார்.
நடுவட்டத்தில் புதுப் பெயர், எண்ணெய்க் கம்பெனி,
இன்னும் காயவில்லை, சுற்றிப் போனார்.
எல்லாம் சரியா என்றார்.
தமாம் என்றோம்.

அறுபத்தொன்றைப் பற்றி மூச்சு விடவில்லை.
எது நம் அணி என்று
இன்னும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.