முப்பத்திரண்டு புள்ளி எட்டு

தேவனாம்பட்டினத்தில் ஆமை முட்டை புதைத்த வேலிக்குள்
விளக்கு கூடாது. வெளிச்சம் கண்டால் குஞ்சு
கடலை விட்டுவிட்டு பஜ்ஜிக் கடைப் பக்கம் நடந்துவிடும்.
அதனால் இருட்டில் பார்க்கும் கேமரா.
அதனால் காவலுக்கு இருக்கும் கலியமூர்த்தி கையில் ஒரு செல்போன்.
அதனால் நான்.

"மீட்டர் செத்துப்போச்சுக்கா."
மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் போனேன்.
சாகவில்லை. பகல் வெளிச்சத்தில் 31.4 என்று
சமர்த்தாக நிற்கிறது.
ராத்திரி கேமராவில் மட்டும் அந்த இடம்
துடைத்த சிலேட்டு.

அந்தக் கண்ணாடியில் முன்னும் பின்னும் இரண்டு தாள்.
நம் கண்ணுக்கு எட்டும் ஒளியைத்தான் அவை மறிக்கும்.
அகச்சிவப்பு வந்தால் வழிவிட்டு நிற்கும்.
கறுப்பு எழுத்து என்று நாம் படித்தது
எழுத்தே இல்லை,
ஒரு தடுப்பு.

அட்டையும் அப்படித்தான். நீலப் பேனாவில்
கலியமூர்த்தி எழுதிய "குழி 17" கேமராவில் காணோம்.
கைப்பையிலிருந்த கண்மையைத் தொட்டு
மேலேயே இழுத்தேன். கரியல்லவா,
திரையில் குப்பென்று வந்தது.
"திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கு" என்றான்.
மீட்டருக்கு மை தீட்ட முடியாது.
அது ஒரே எண்ணில் நிற்பதில்லை.

கடையில் ஒரு டப்பாவைக் கவிழ்த்தேன்.
பழைய டிவி ரிமோட்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும்
ஒரு குட்டி விளக்கு,
யார் கண்ணிலும் படாமலே எரிந்து பழகியது.
ஓர் இலக்கத்துக்கு ஏழு கோடு. மூன்று இலக்கம்.
இருபத்தொன்று வேண்டும்.
பாதிக்கு மேல் இலவச டிவியோடு வந்தவை.
ஒன்று என் கல்யாணச் சீர் டிவியினுடையது.
டிவியும் போயிற்று, அந்த ஆளும் போயாயிற்று.
எரிந்தது. சேர்த்துக்கொண்டேன்.

பற்றவைத்து முடித்தபோது மேசைமேல்
வெறும் கறுப்புப் பலகை.
போன் கேமராவைக் காட்டினால் ஊதாவில் 88.8.
விலக்கினால் ஒன்றுமில்லை.
தொட்டுப் பார்த்தேன், சூடுகூட இல்லை.

அகச்சிவப்பு என்று பெயர் வைத்தவருக்கு
அகம் தெரிந்திருக்கிறது.
பேர் சொல்லாமல் எரிவதுதானே அது.

நான்காம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன்.
"அக்கா, முப்பத்திரண்டு புள்ளி சைபர்னு காட்டுது.
மணலு கைய வச்சா கதகதன்னு இருக்கு."

கடைசி இலக்கத்தில் நடுக்கோடு அணைந்திருக்கும்.
எட்டு சைபராக நிற்கும்.
எந்த ரிமோட் என்று பார்க்கத் தேவையில்லை.

"முதல்ல தண்ணி தெளி. வர்றேன்."

பீச் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.
அவன் போனைப் பிடித்துக்கொள்ள,
திரையைப் பார்த்தபடி
என் விரலையே யாரோ விரல் மாதிரி நகர்த்தி
ஒன்றைக் கழற்றி ஒன்றை வைத்தேன்.
விரல் நுனி சுட்டது.
கழற்றியதை மணலில் போடக்கூடாது, குஞ்சு நடக்கும் இடம்.
முந்தானையில் முடிந்துகொண்டேன்.

32.8.

கலியமூர்த்தி இன்னொரு குடம் எடுக்கப் போனான்.