கழித்தல் குறி

போச்சம்பள்ளி தாலுகா ஆபீஸ் வளாகத்தில்
மரநிழல் படாத தூரத்தில்
நிற்கிறது மழைமானி.
காலை எட்டரைக்கு அதைக் குனிந்து பார்ப்பவர் திம்மராயன்.
அவரை நான் பார்த்ததில்லை.
அவர் எழுதிய எண்களில்
ஒன்பது வருஷம் சம்பளம் வாங்கினேன்.

அதற்கு முன்னால் பெங்களூரில்
யார் எந்த ராத்திரி செருப்பு வாங்குவார்கள் என்று கணித்தேன்.
பாதிக்கு மேல் பலித்தது. கைதட்டினார்கள்.
பிறகு பயிர்க் காப்பீடு, அதிதீவிர மழை.

ஒரு நவம்பர் தேதிக்கு நேரே
முன்னூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்.
முந்தின நாள் நாலு. மறுநாள் பதினொன்று.
முப்பத்தொன்று புள்ளி எட்டாக இருக்கும்,
புள்ளியை விட்டிருப்பார்கள் என்று
ஒரே வரியில் நீக்கினேன்.
பக்கத்தில் குறிப்பு: பதிவுப் பிழை.
மதியம் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

வளைவு அழகாகப் பொருந்தியது.
வடிவ அளபுருவுக்கு முன்னால்
சின்னதாக ஒரு கழித்தல் குறி.
மழைக்குக் கூரை உண்டு என்று அதற்கு அர்த்தம்.
இவ்வளவுதான் பெய்யும், மேலே போகாது.
அந்தக் கூரைக்குக் கீழேதான்
பாரூர் ஏரிக்கரைத் தக்காளிக்கு
இழப்பீடு இல்லையென்று கடிதம் போனது.
நூற்று நாற்பது கடிதம்.
கையெழுத்து என்னுடையதில்லை. கணக்கு என்னுடையது.

ஆராய்ச்சிக்கு என்று இந்தத் தையில் வந்தேன்.
பதிவேட்டை விரித்தார் திம்மராயன்.
அந்தப் பக்கம் மட்டும்
நனைந்து காய்ந்து அப்பளமாய்ப் பொரிந்திருந்தது.
ஓரத்தில் கோடுகள். நாலு நிற்க ஒன்று குறுக்கே,
அப்படி மூன்று கட்டு.

"இருவது மில்லி கிளாஸு மேடம். பதினஞ்சு.
கடைசியா பதினெட்டு.
டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு
விடியவிடிய அளந்து ஊத்தினேன்.
நடுவுல ஒருவாட்டி ரொம்பி வழிஞ்சிடுச்சு.
அது கணக்குல இல்ல."

லாட்ஜ் அறையில் மடிக்கணினியைத் திறந்து
எண்ணைத் திரும்ப வைத்தேன்.
ஓடி முடிக்க நாலு நொடி.
கழித்தல் குறி இல்லை.
எவ்வளவு என்று யாராவது கேட்டால்
இனி ஒரு எண்ணைச் சொல்லி நிறுத்த முடியாது.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அந்தக் கடிதங்களுக்கு
மேல்முறையீட்டுக் காலம் முடிந்து மூன்று வருஷம்.

காலையில் மறுபடி போனேன்.
வானத்தில் பொட்டு மேகமில்லை.
இருந்தும் புனலைக் கழற்றி,
பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து
எழுதினார்: சுழியம், புள்ளி, சுழியம்.
புள்ளியை மட்டும்
பேனா அழுந்த, கொஞ்சம் பெரிதாக வைத்தார்.
நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.