மூன்று நிமிடம்

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.
டீசல் வாடையின் மேல் காபி வாடை.
ஆளுக்கு மூன்று நிமிடம் என்கிறார் திருமதி லாங்கனெக்கர்.
அவர் முன்னால் ஒரு சமையலறைக் கடிகாரம்,
முட்டை வேகவைக்க வைப்பார்களே, அது.

என் பெயர் மெர்வின் ஹாக்கன்பெரி.
கெட்டில் ரன்னிலிருந்து வருகிறேன். பால் லாரி ஓட்டுகிறேன்.
கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள்
ஊரே பொம்மைக்குப் பாட்டரி தேடும்போது
நான் மலைமேல் இருப்பேன்.
குழல்வாயில் கருமருந்து கொட்டி
ஈயக்குண்டைத் துணியில் பொதிந்து இடித்து
சக்கிமுக்கிக் கல்லை நம்பி நிற்பேன்.

நீங்கள் தந்த தாளைப் படித்தேன்.
பனியில் எங்களுக்கிருந்த வாரங்களை
அக்டோபருக்குக் கொண்டுபோகிறீர்கள்.
தொலைநோக்கி வரலாம். நனையாத மருந்து மாத்திரை வரலாம்.
'வசதி' என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது.
எண்ணினேன்.

கல் உரசும். தட்டில் மருந்து புஸ்ஸென்று பற்றும்.
அதற்கும் வெடிக்கும் நடுவே
ஒரு சின்ன இடம்,
மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்குக் காத்திருப்பது போல.
மான் தலையைத் தூக்குவது அங்கேதான்.
பதினெட்டுப் பருவத்தில் எனக்கு ஐந்து மான்.
மற்றவையெல்லாம்
அந்த இடத்தின் வழியே நடந்து போய்விட்டன.
உரிமச்சீட்டுக்கு நான் கட்டும் காசு
அந்த இடத்துக்குத்தான்.

இத்தனையும் தாளில் எழுதிக்கொண்டு வந்தது.
இதற்குக் கீழே 'உண்மையான வேட்டை' என்று தொடங்கும்
ஒரு பத்தி இருக்கிறது.
அதைப் படிக்கப் போவதில்லை.

எனக்கு முன்னால் ட்ரூடி ஷோவால்ட்டர் பேசினார்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆப்பிள் கன்று,
எல்லாம் முழங்கால் உயரத்தில் மொட்டை.
பொய்யில்லை. பால் எடுக்கப் போகும் வழியில் பார்க்கிறேன்.
என் ஐந்து மான்
அவருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

போன ஜனவரி. பனித்தூறல்.
தட்டு மருந்து ஈரம் குடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.
கல் உரசியது, ஒன்றுமில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தத் தொடங்கினேன்,
அப்போது வெடித்தது.
பிணை மான். பின்னங்கால்.
இருட்டும்வரை போனேன்.
விடியலில் மறுபடி.
என் வண்டி இரவெல்லாம் சாலையோரம் நின்றதைப் பார்த்து
கைல் பென்சிங்கர் ஏறி வந்தான்,
கையில் ஃபிளாஸ்க் மட்டும்.
அவனுடைய பிளாஸ்டிக் கட்டைத் துப்பாக்கி
சட்டப்படி அந்த வாரம் வீட்டில் இருக்க வேண்டும்.
இருந்தது.
பெட்ரோல் பங்கில் அதைக் குழந்தை பொம்மை என்று
நான் கேலி செய்தது அவனுக்கு மறந்திருக்காது.

வெள்ளையில் சிவப்பு, சட்டைப் பொத்தான் அளவு,
பத்தடிக்கு ஒன்று.
ஹெம்லாக் மரத்தடியில் கிடந்தது. உயிரோடு.
நான் புதுமருந்து போட்டேன். தூறல் நிற்கவில்லை.
கைல் தொப்பியைக் கழற்றி
என் துப்பாக்கித் தட்டின் மேல் கவிழ்த்துப் பிடித்தான்.
அவன் வழுக்கையில் பனி விழுந்துகொண்டிருந்தது.
கடைசி நொடியில் எடுத்தான்.
சுட்டேன்.

அதனால் சொல்கிறேன், இது பழமைக்காக இல்லை.
அக்டோபரில் மேப்பிள் முழுக்கச் சிவப்பு.
எது இலை, எது ரத்தம்?
என்னைப் போல் ஒருவன் தப்பாகச் சுட்டால்
எதைப் பார்த்து நடப்பான்?
ட்ரூடிக்கு அக்டோபரைக் கொடுங்கள்.
கைலுக்குத் தொலைநோக்கியைக் கொடுங்கள்,
பிணை மானுக்கு இன்னொரு சீட்டுகூடக் கொடுங்கள்.
பனியை மட்டும்

கடிகாரம் அடித்தது.
நன்றி, அடுத்தவர், என்றார் திருமதி லாங்கனெக்கர்.

பின்வரிசையிலிருந்து கைல் எழுந்து வந்தான்.
அவன் பெயர் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது,
உள்ளே வரும்போதே பார்த்தேன்.
ஒலிபெருக்கி முன் நின்று
தொப்பியைக் கழற்றினான்.