நான்கு டிகிரி இடப்பக்கம்

பல் மருத்துவர் ஒருவரிடமிருந்து
நெரிஸ் ப்ராசர் அந்தச் சிவப்புக் காரை வாங்கியபோது
அதற்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐம்பத்திரண்டு.
இரண்டே இருக்கைகள்.
இரண்டாவதில் பெரும்பாலும்
அவளுடைய மழைக்கோட்டு உட்கார்ந்து வரும்.

வேல்ஸின் கருமலைச் சாலையில்
ஆடுகளுக்குத்தான் முன்னுரிமை.
நடுவழியில் படுத்துக்கொண்டு
நீ வேண்டுமானால் சுற்றிப் போ என்று பார்க்கும்.
மழை அங்கே பெய்வதில்லை,
குடியிருக்கிறது.

முதல் முறை அந்த விளக்கு சிமிட்டியது
குயில் வளைவு என்கிறார்களே, அங்கே.
மஞ்சள் நிறம். ஒரு கார்,
அதன் பின்னால் இரண்டு பாம்புக் கோடுகள்.
ஓர் இமைப்பு, பிறகு இல்லை.
கோளாறான வண்டியைத் தலையில் கட்டிவிட்டாரே என்று
ஊர் விளக்குகள் தெரியும்வரை
பல் மருத்துவரை வெல்ஷ் மொழியில் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

அதன்பின் மழைக்கு மழை சிமிட்டியது.
மழைக்கு மழை திட்டினாள்.
ஒருநாள் பொறுக்காமல்
பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தாள்,
ஒழியட்டும் என்று.
ஒழியவில்லை. நிலையாக எரிந்தது,
அடியில் 'நிறுத்தப்பட்டது' என்ற சொல்லோடு.
வாயை மூடு என்றால்
மூடிவிட்டேன் மூடிவிட்டேன் என்று
சொல்லிக்கொண்டே இருக்கிற ரகம்.

ஏப்ரலில் ஸ்வான்சி போய் நான்கு டயரும் மாற்றி
சக்கரங்களை நேர்ப்படுத்தி வாங்கிவந்தாள்.
திரும்பும்போது அபூர்வமாக வெயில்.
வளைவே இல்லாத சாலை.
அங்கே போய் எழுத்து வந்தது:

'நிலைப்புக் கட்டுப்பாடு இயங்கவில்லை.
கவனமாக ஓட்டவும்.'

இத்தனை நாள் பின்னே எப்படி ஓட்டினேனாம்?
கேட்டாள். கார் பதில் சொல்லவில்லை.
விளக்கு சிமிட்டவும் இல்லை.
விழித்தது விழித்தபடி.

லாங்கடாக்கில் பட்டறை வைத்திருக்கும் மெரெரிடுக்கு
கையெல்லாம் கிரீஸ், வாயில் பாதி பிஸ்கட்.
"சிமிட்டினால் வேலை செய்கிறது.
நின்று எரிந்தால் வேலை செய்யவில்லை."
வினையெச்சம், வினைமுற்று.
அவ்வளவுதான் இலக்கணம்.

"அப்படியென்றால் குயில் வளைவில்?"

"பின்பக்கம் வழுக்கியிருக்கும்.
ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து
உன்னைச் சாலைக்குத் திருப்பியிருக்கும்."

தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன்
கூட்டத்தின் கால்களுக்கிடையே குனிந்து
ஒரே ஒரு சக்கரத்தடியில் கட்டையைச் செருகுவான்.
தேர் வீதி திரும்பும்.
வடம் பிடித்தவர்கள் தாங்கள் திருப்பியதாக நினைப்பார்கள்.

நெரிஸ் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.
நவம்பரில் நான்கு.
கிறிஸ்துமசுக்கு முந்தின இரவு ஒன்று,
அன்று பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது.
பொத்தானை அழுத்திய அந்த வாரம்
மழை பெய்ததா?
நினைவில்லை. எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

மெரெரிட் கருவியைச் செருகிப் படித்தாள்.
ஸ்டியரிங் நேராகத்தான் இருந்தது.
கார் மட்டும்
நான்கு டிகிரி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருப்பதாக
நம்பியது.
சக்கரங்கள் நேர் என்றன.
உடல் திரும்பவில்லை என்றது வேறொரு உணரி.
சாட்சிகள் முரண்படுகிற வழக்கில்
தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று
நீதிபதி எழுந்து போய்விட்டார்.
அந்த வாக்கியத்துக்கு அதுதான் பொருள்.

"டயர்க்காரர்கள் சக்கரத்தை நேராக்கினார்கள்.
எது நேர் என்று இதனிடம் சொல்லவில்லை.
இடக்கோடிவரை திருப்பு. இப்போது வலக்கோடி.
நடுவுக்குக் கொண்டுவா.
பால்பண்ணைவரை ஓட்டிவிட்டு வா."

பால்பண்ணை வாசம் எட்டுமுன்பே
எழுத்து போய்விட்டது.
கூலி முப்பது பவுண்ட், பிஸ்கட் கணக்கில் இல்லை.

இருட்டியபின் மலை ஏறினாள்.
மழை வீட்டில்தான் இருந்தது.
குயில் வளைவில் வேகத்தைத் தானே குறைத்தாள்.
விளக்கு வரவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அதற்கடுத்த திருப்பத்தில்
நட்ட நடுவே வெள்ளையாக ஒன்று.
மிதித்தாள், ஒடித்தாள்.
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.
கார் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு
ஓரடி முன்னால் நின்றது.
மழைக்கோட்டு இருக்கையிலிருந்து விழுந்துவிட்டது.

"சரி" என்றாள் நெரிஸ்,
யாரிடம் என்று தெரியாமல்.

ஆடு எழுந்திருக்கவில்லை.