இரண்டாம் கோடு

தை பதினொன்று ராத்திரி, பேளூரில் மழை.
தகரக் கூரைச் சத்தத்தில் எழுந்து
நோட்டைத் தேடினேன்.
எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் காலையில் எழுதலாம்.
இருட்டில் எழுதியது இவ்வளவுதான்:
மக்காச்சோளம் களத்தில் கிடக்கிறது.

பால் குளிரூட்டும் நிலையத்தில்
நாலடி மேசை என்னுடையது.
மானி மிதக்கும், கொழுப்பு தெரியும்,
தண்ணீர் ஊற்றியவரின் முகமும் தெரிந்துவிடும்.
இது மட்டும் எதிலும் தெரியாது.
நிறமில்லை, புளிப்பில்லை,
காய்ச்சினாலும் சாகாது.
மாடு தின்ற பூசணம்
மறுநாளே மடிக்கு வந்துவிடும்.
பட்டையை நனைத்துவிட்டுக் காத்திருப்பேன்.
இரண்டு கோடு விழுந்தால் நல்ல பால்.
ஒரே கோடு என்றால் சாக்கடைக்கு.
"நம்ம பொம்பளைங்க பட்டைக்கு நேர் எதிரு" என்று
கேன் கழுவிக்கொண்டே சிரிப்பாள் தனபாக்கியம்.

மூன்று வருஷம் முன் அப்படி ஊற்றினோம்,
ஆயிரத்து நானூறு லிட்டர்.
நுரை ஓடையில் இறங்கியபோது
நாய்களுக்கு மட்டும் சந்தோஷம்.
அன்று தொடங்கியது இந்த நோட்டு:
மழை எந்தத் தேதி,
கதிர் செடியிலா தரையிலா,
ஏற்காட்டு மலை எத்தனை மணிக்குக் கண்ணில் பட்டது
(மலை தெரியாத நாளில் எதுவும் காயாது),
இரண்டாம் கோடு எப்போது மங்கியது.
கூட்டிக் கழித்தால்
மழைக்குப் பத்தொன்பதாம் நாள்.

அதனால் இம்முறை முந்திக்கொண்டேன்.
பதினான்கு சங்கத்துக்கும் போன்.
தார்ப்பாய் போட்டுப் பரத்துங்க,
பல்லில் வைத்தால் டக்கென்று உடையணும்,
பச்சை பூத்ததை மாட்டுக்குக் காட்டாதீங்க.
"சோசியமும் ஆரம்பிச்சாச்சா மேடம்?"
என்றார் புழுதிக்குட்டைச் செயலாளர்.
செம்மலை மட்டும் நேரில் வந்தார்.
"எட்டு மூட்டை. கொட்டச் சொன்னா கொட்டிர்றேன்.
கொட்டுனதுக்கு யாரு குடுப்பா?"
என் நோட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை.

பத்தொன்பது. இரண்டு கோடு.
இருபது. இரண்டு கோடு,
தண்டவாளம் மாதிரி.
இருபத்தைந்தாம் நாள் மேலாளர் சொன்னார்:
"ஒண்ணுமில்லாததுக்கு ஊரையே பயமுறுத்திட்டீங்க."
நடக்காமல் போன ஒன்றை
எந்தப் பட்டையில் நனைத்து
இவருக்குக் காட்டுவது?

சாயங்காலம் செம்மலை வீட்டு வழியாக வந்தேன்.
சொன்ன சொல் தப்பவில்லை மனுஷன்.
எட்டு மூட்டையும் எருக்குழியில்,
பச்சையும் சாம்பலுமாக.
அதன்மேல் ஏறி நின்று
கிளறிக் கிளறிப் பொறுக்கிக்கொண்டிருந்தன
பதினாறு கோழிகள்.

அவர் சம்சாரம் வாசலுக்கு வந்தாள்,
முந்தானையில் எதையோ ஏந்தியபடி.
"நாட்டுக்கோழி முட்டைங்க.
பாப்பாவுக்கு எடுத்துட்டுப் போங்க மேடம்,
எங்க மாட்டைக் காப்பாத்துனீங்களே."